பல்லவர் கால நடுகல்லை வாசிக்கும் முறை

செங்கம், தருமபுரி வட்டாரங்களில் நிற்கும் நடுகற்கள் (பூசலில் இறந்த வீரருக்கு நட்ட நினைவுக்கற்கள்) பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பூசை பெறுகின்றன. ஆகவே கல்லைத் தொடுமுன் அதை வழிபடும் ஊராரிடம் அனுமதி கேளுங்கள். எண்ணெயும் மஞ்சளும் படிந்திருந்தாலும் சுரண்டாதீர்கள். எழுத்தைத் துலக்கச் சுண்ணக்கட்டியால் தேய்க்கவும் வேண்டாம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுவதால், அந்நேரத்தில் எடுக்கும் படமே பெரும்பாலும் போதுமானது.

முதலில் உருவத்தைப் பாருங்கள். வில்லும் குறுவாளும் ஏந்திய வீரன், உடலில் தைத்த அம்புகள், காலருகே கெண்டி (மூக்குள்ள நீர்க்கலம்), சிமிழ், சில கற்களில் மாடுகள் ஆகியவை, எழுத்து சிதைந்திருந்தாலும், நிகழ்ந்தது ஆநிரைப் பூசலா (கால்நடைகளைக் கவரவோ மீட்கவோ நடந்த சண்டையா) என்று அறிய உதவும்.

பிறகு வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துவடிவில் உள்ள வரிகளுக்கு வாருங்கள். மெய்களுக்குப் புள்ளி எல்லா இடங்களிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எகரமா ஏகாரமா என்பதைச் சொல்லின் பொருளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் பெரும்பாலும் ‘கோவிசைய’ என்ற அடைமொழியோடு அரசன் பெயரும், ‘யாண்டு’ என்ற சொல்லோடு ஆட்சியாண்டும் வரும். அடுத்து ஊர், தலைவன், பூசல் ஆகியவற்றைத் தேடுங்கள். ‘தொறு’ என்றால் கால்நடைக் கூட்டம், ‘ஞான்று’ என்றால் அந்தப் பொழுது, ‘பட்டான்’ என்றால் இறந்தான். ‘தொறுக்கொண்ட ஞான்று’ என்ற தொடர் அகப்பட்டுவிட்டால் மற்றவை ஓரளவு தாமே பிடிபடும்.

பலர் அரசன் பெயரைப் படித்ததுமே நின்றுவிடுகிறார்கள். அங்கே அரசன் காலக்குறிப்பு மட்டுமே. கல் யாருக்காக நின்றதோ அவர் பெயர் பின்வரும் வரிகளில்தான் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லில் பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைக் கடந்து படித்தால்தான், எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவக்கத்தியையும், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் சந்திக்கிறோம். வீரனருகே அந்த நாயின் உருவத்தையும் சிற்பி செதுக்கியிருக்கிறார். ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்துவைக்கும் அளவுக்கு அந்த மேய்ச்சல் சமூகம் நன்றியுடையதாக இருந்தது என்பதை அரசரின் புகழைப் பாடும் எந்த மெய்க்கீர்த்தியும் நமக்குச் சொல்லியிராது.

புதிய கல்லைக் கண்டால் இடத்தையும் கல் நோக்கும் திசையையும் குறித்துக்கொண்டு, நகர்த்தாமல் தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மைப்படி எடுப்பதை (கல்லெழுத்தை மையால் தாளில் ஒற்றியெடுப்பதை) பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.