மேனேஜர் மோசமானவர் என்றால் நாம் செய்யக்கூடாத தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வேலை பெரும்பாலும் யாராவது சொல்லிவைத்துத்தான் கிடைக்கிறது. ஜவுளிக்கடையோ, ஃபைனான்ஸ் ஆபீஸோ, ஹோட்டலாக மாறிய பழைய வீடோ, நடுவில் ஒரு மாமா இருப்பார். மேலே இருப்பவர் சரியில்லை என்று தெரிந்த பிறகும், 'மாமா முகத்தில் எப்படி முழிப்பது' என்று வாயை மூடிக்கொள்கிறோம். தவறு. மேனேஜர் தன் கதையை அவரிடம் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கத்துகிறவரெல்லாம் கெட்டவர் என்று நினைப்பதும் தவறுதான். தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடையில் கத்தாத மேனேஜர் அபூர்வம். சிரித்துப் பேசுகிற சிலரைத்தான் பார்த்து நடக்க வேண்டும். விற்பனை கூடினால் தன்னால் என்பார், கல்லாவில் பணம் குறைந்தால் பையன் தலையில் போடுவார். இவரைப் பற்றி அவரிடம், அவரைப் பற்றி இவரிடம். வாயால் ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, மறுநாள் 'நான் எப்போ சொன்னேன்?' என்பார். அப்படிப்பட்டவர் எதைச் சொன்னாலும், 'நீங்கள் சொன்னபடி சரக்கை அனுப்பிவிட்டேன் சார்' என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் பணிவாகப் போட்டுவையுங்கள்.

பெரிய தவறு, பிடியை நாமே கொடுப்பது. அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கினால், தொகையையும் மாதாமாதம் எவ்வளவு கழியும் என்பதையும் எழுதி வாங்குங்கள். முன்பணத்தைக் காட்டி, தீரும்வரை போகவிடாமல் வேலை வாங்குவது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கலெக்டரிடமே புகார் தரலாம்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நாளில், கடையை நடத்திய ஏஜெண்டுக்குப் பொதுவாக 3 வருடத் தவணை. முடிந்ததும் கணக்கை ஒப்படைக்க வேண்டும். கடையில் தொழில் பழகிய பெட்டியடிப் பையன்கள் திட்டு வாங்காமலா இருந்திருப்பார்கள்? ஆனால் ஏஜெண்டைக் கேட்கவும் ஆள் இருந்தது. இன்று முதலாளி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், மேனேஜர் வைத்ததுதான் சட்டம். முதலாளி கல்யாணம் காட்சிக்கு ஊருக்கு வரும்போது தனியாகப் போய் அழாதீர்கள். இரண்டு மூன்று பேராக, தேதி போட்டு எழுதிய தாளோடு போங்கள்.

பெண்களுக்குத் தொல்லை பாலியல் ரீதியானது என்றால் முதலாளி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2013 சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடமா, மாவட்டத்துக்கென்று உள்ளூர்க் குழு உண்டு. 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், கோபத்தில் சாவியை வீசிவிட்டு வருவது. அதைத்தான் அவரும் எதிர்பார்ப்பார். ஒரு கடையில் 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது, அனுப்பினாலும் ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ தர வேண்டும் என்கிறது 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். நீங்களாகப் போனால் அந்தப் பேச்சே எழாது. போவதாக முடிவு செய்தாலும், வேறு வேலையைப் பார்த்துவிட்டு, சம்பளப் பாக்கியையும் பி.எஃப். விவரத்தையும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.