ஓட்டை இல்லாத இணைப்பிலும் பிளாக் ஷியர் பாருங்கள்

மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் அரிசி ஆலை ஷெட்டுகளின் ட்ரஸ் (கூரையைத் தாங்கும் எஃகுச் சட்டம்) வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. "போல்ட் ஓட்டையே இல்லையே, பிளாக் ஷியர் எதுக்கு?" என்று ஃபேப்ரிகேட்டர்கள் கேட்பார்கள். ஓட்டை இல்லாவிட்டாலும் வெல்டிங் ஓடிய கோட்டை ஒட்டியே கசெட் தகடு (ட்ரஸ் உறுப்புகளை இணைக்கும் தகடு) ஒரு துண்டாகக் கிழிந்து வரலாம். இப்படிக் கிழிவதுதான் பிளாக் ஷியர். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 800:2007-இன் 6.4.2 பிரிவு இதைப் பார்க்கச் சொல்கிறது.

முதலில் கிழியும் கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். ஆங்கிளின் (எல் வடிவ எஃகு உறுப்பின்) இரு பக்க வெல்டிங் நீளம் வெட்டுத் தளம், அங்கே தகடு நீளவாக்கில் சறுக்கி அறும். கசெட்டுக்குள் ஆங்கிள் முடியும் குறுக்கு விளிம்பு இழுவைத் தளம், அங்கே தகடு இழுபட்டு அறும். நீளத்தைத் தகட்டின் தடிமனால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும்.

இ250 எஃகுக்கு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமை 250, அறும் வலிமை 410) இரண்டு கணக்கு போட வேண்டும், குறைவானதே தாங்குதிறன். 1.1, 1.25 இரண்டும் பாதுகாப்புக் காரணிகள். பரப்பு சதுர மி.மீ.-இல் இருந்தால் விடை நியூட்டனில் வரும், 1000-ஆல் வகுத்தால் கிலோநியூட்டன்:

வெட்டுப் பரப்பு × 250 ÷ (1.732 × 1.1) + 0.9 × இழுவைப் பரப்பு × 410 ÷ 1.25

0.9 × வெட்டுப் பரப்பு × 410 ÷ (1.732 × 1.25) + இழுவைப் பரப்பு × 250 ÷ 1.1

கசெட்டின் இரு முகத்திலும் ஆங்கிள் வைக்கும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். வெல்டிங் இரட்டிப்பாகிறது, நடுவில் இருக்கும் தகடு ஒன்றுதான். இரண்டு 65×65×8 ஆங்கிள், டிசைன் இழுவை 250 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பட்டறையிலேயே போட்ட 5 மி.மீ. ஃபில்லட் (விளிம்போரம் முக்கோணமாகப் போடும் வெல்டிங்): மூலைப் பக்கம் 100, நுனிப் பக்கம் 25, குறுக்கே 65 மி.மீ. வெல்டிங் சுமார் 252 கிலோநியூட்டன் தாங்கும், பாஸ். ஆனால் கசெட் 6 மி.மீ. என்றால் முதல் கணக்கு 213.5, இரண்டாவது 216.5. ஆக 213.5தான், ஃபெயில். வெல்டிங்கை மட்டும் பார்த்தவருக்கு இது கண்ணில் படாது.

சரிசெய்ய இரண்டு வழி. கசெட்டை 8 மி.மீ. ஆக்கினால் 284 வரும். இல்லையென்றால் ஆங்கிளை இன்னும் உள்ளே தள்ளி, பக்க வெல்டிங்கை மொத்தம் 50 மி.மீ. கூட்டினால் 252 வரும். நான் தடிமனைத்தான் கூட்டச் சொல்வேன், முக்கியமாக வேதாரண்யம், நாகப்பட்டினம் உப்புக் காற்றுக்கு. 8 மி.மீ. தகட்டில் 1 மி.மீ. துரு தின்றாலே தாங்குதிறன் 249-க்கு இறங்கிவிடும்.

அதனால் பழைய ஷெட்டைச் சோதிக்கும்போது வரைபடத்தில் உள்ள தடிமனை எடுக்காதீர்கள். வெல்டிங் ஓரத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, அங்கே அளந்த தடிமனைக் கணக்கில் போடுங்கள்.