சுக்கு மல்லிப் பொடி முதல் கால் கொப்புளம் வரை: எங்கள் காரைக்குடி வீட்டுக் கைவைத்தியம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் உரல் சத்தம் கேட்கும். தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து கிளம்பும். எங்கள் வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் கூடவே நடப்பார். பனியில் நடந்தால் சளி, இருமல், வயிற்றுப் பொருமல், கால் கொப்புளம் எல்லாம் வரும் என்று, அப்பத்தா ஒரு மஞ்சள் பையில் சாமான்களைக் கட்டிக் கொடுப்பார். நான் கைவைத்தியம் கற்றது அந்தப் பையிலிருந்துதான்.

வெளியூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் செய்முறை கேட்கிறார்கள். "கொஞ்சம் போடு, ஒரு கை அள்ளு" என்று சொன்னால் புதிதாகச் செய்பவர்களுக்குப் புரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் அளவு சொல்லியிருக்கிறேன்.

சுக்கு மல்லிப் பொடி

வேண்டியவை: மல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், சீரகம் 10 கிராம், ஏலக்காய் 5.

சுக்கை நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள். பூச்சி அரித்த ஓட்டை இருக்கக் கூடாது. சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருப்பதும் வேண்டாம்.

முதல் வேலை தோல் சீவுவது. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று பழமொழியே இருக்கிறது. சுக்குக்கு மேல்தோலும் கடுக்காய்க்கு உள்ளே இருக்கும் கொட்டையும் ஆகாது என்பார்கள். நான் உரல் பக்கம் போனாலே, "தோலைச் சீவினியா ஆத்தா?" என்றுதான் அப்பத்தா கேட்பார். சின்னக் கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் சாம்பல் நிறத் தோல் தூளாக உதிரும். இடுக்குகளில் மண் ஒட்டியிருக்கும், அதையும் சுரண்டிவிடுங்கள்.

அப்புறம் சுக்கை உரலில் போட்டுச் சிறு துண்டுகளாக நசுக்கிக்கொள்ளுங்கள். முழுதாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். இரும்புச் சட்டியைச் சிறு தீயில் வைத்து மல்லியை வறுங்கள். வாசனை எழும்பி, நிறம் லேசாக மாறும்போது இறக்குங்கள். கருகிவிட்டால் கசக்கும், அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. மிளகையும் சீரகத்தையும் அதே சட்டியின் சூட்டில் புரட்டினால் போதும். எல்லாம் ஆறிய பிறகு ஏலக்காய் சேர்த்து அரைத்துச் சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் போடுங்கள். இரண்டு மாதம் வாசனை குறையாது. ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

காபி போட, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பொடியைப் போட்டு, ஒரு டம்ளராக வற்றும் வரை கொதிக்க விடுங்கள். கருப்பட்டியைத் தட்டித் தனியாக வெந்நீரில் கரைத்து, வடிகட்டிச் சேருங்கள். வடிகட்டாமல் ஒரு தடவை கரைத்துப் பாருங்கள், டம்ளர் அடியில் மணல் நறநறவென்று நிற்கும்.

கருப்பட்டி நல்லதுதானே என்று சர்க்கரை நோய்க்காரர்கள் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். அதுவும் சர்க்கரையை ஏற்றும், அவர்கள் இனிப்பில்லாமல் குடிக்கட்டும். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இந்தக் காரம் ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் போதும்.

இது தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கடைப்பை இளக்கும், அவ்வளவுதான். காய்ச்சலுக்கு மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டெங்கு பரவும் மழைக்காலத்தில் வலி மாத்திரைகளை நாமாக வாங்கி விழுங்குவது ஆபத்து, ரத்தக்கசிவு வரலாம்.

தொண்டை கரகரப்புக்கு

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. அண்ணாந்து தொண்டை வரை கொண்டுபோய்க் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனைத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

விருந்துக்கு அப்புறம் வரும் பொருமல்

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், உக்காரை என்று வரிசையாக வைப்பார்கள், எதையும் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. அன்று சாயங்காலம் வயிறு கல் போல இருக்கும். ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் படபடவென்று பொரியும் வரை வறுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாதியாக வற்றவிட்டு, சூடு ஆறியதும் வாய்வாயாகக் குடியுங்கள். வலி வலது அடிவயிற்றில் இறங்கினாலோ, நெஞ்சில் பாரமாக அழுத்தி இடது கைக்குப் பரவினாலோ ஓமத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வயிற்றுப்போக்குக்கு

இதில் அளவு பிசகவே கூடாது. காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் கத்தியின் முதுகால் வழித்து அளங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். ஒவ்வொரு தடவை போன பிறகும் மடக்கு மடக்காகக் கொடுங்கள். மீந்ததை 24 மணி நேரத்துக்கு அப்புறம் கொட்டிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பாக்கெட் கிடைத்தால் அதுதான் இதைவிட நல்லது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் வராவிட்டாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் உடனே கிளம்புங்கள்.

எண்ணெய் தெறித்தால்

எனக்குப் பத்து வயதில் பணியாரச் சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்துப் புறங்கை வெந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஓடிவந்து பற்பசையை அப்பினார். இன்னொருவர் அதன்மேல் இட்லி மாவைத் தடவினார். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். ஆனால் காய்ந்து ஒட்டிய அதை மருத்துவர் ஊறவைத்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஐஸ், மை, மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரியது என்றாலும், முகம், மூட்டு என்றாலும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

நடந்து வந்த கால்

பழனி போய் வந்தவர்களுக்கு அப்பத்தா அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கல்லுப்பு ஒரு கை போட்டு வைப்பார். 15 நிமிடம் காலை வைத்திருந்தால் வலி இளகும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மட்டும் இது வேண்டாம். பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாமலே வெந்துவிடும்.

கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். மேல்தோல்தான் அதற்குக் கட்டு. சோப்பு போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான மெல்லிய துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள். தானாக உடைந்தாலும் தோலைப் பிய்க்க வேண்டாம். சுற்றிச் சிவந்து சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த வருடம் நடப்பதாக இருந்தால், புதுச் செருப்பைக் கிளம்பும் அன்று போடாமல் ஒரு மாதம் முன்னாலேயே போட்டுப் பழக்கிக்கொள்ளுங்கள்.