ஈரக்கழிவை மீத்தேன் கிளம்பாமல் மட்க வைப்பது எப்படி

காய்கறித் தோலும் மீந்த உணவும் எப்படியும் அழுகத்தான் போகின்றன. காற்றுப் பட்டு அழுகினால் கரியமில வாயுவும் நீராவியும் வெப்பமும் வெளியேறும். காற்றுப் படாமல் அழுகினால் மீத்தேன் உண்டாகும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். குப்பைமேட்டின் அடியிலிருந்து கசியும் வாயுவில் பாதியளவு மீத்தேன்தான். ஆகவே மட்க வைப்பவரின் முதல் கவலை, கழிவின் இடுக்குகளில் காற்று நிற்கிறதா என்பதே.

மீத்தேனுக்கு மணம் கிடையாது. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது; புளித்த வாடை கரிம அமிலங்களுடையது. இரண்டும் உள்ளே காற்று தீர்ந்துவிட்டதைச் சொல்கின்றன. வாடை இல்லை என்பதற்காக மீத்தேனும் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. நனைந்து கெட்டிப்பட்ட அடிப்பகுதி சத்தமில்லாமல் அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

சேர்க்கும் இடத்திலேயே

ஈரக்கழிவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். அடியில் துளையும் கீழே ஒரு தட்டும் உள்ள வாளியில், ஒவ்வொரு முறை கழிவு போடும்போதும் மேலே ஒரு கைப்பிடி மரத்தூளோ நொறுக்கிய சருகோ தூவுங்கள். வடியும் சாற்றை அன்றாடம் கொட்டிவிடுங்கள். இரண்டு நாளுக்குள் கழிவு குவியலுக்குப் போய்விட வேண்டும். ஒரு வாரம் மூடிக் கிடந்து புளித்த கழிவு, குவியலில் சூடு ஏறவே நாள் கடத்தும்.

கலவைக் கணக்கு

10 கிலோ ஈரக்கழிவுக்கு 5 கிலோ சருகு. இதன் கணக்கைத் தெரிந்துவைத்தால் வேறு பொருளுக்கும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஈரக்கழிவில் 80 விழுக்காடு நீர், அதாவது 8 கிலோ. சருகில் 15 விழுக்காடு, அதாவது முக்கால் கிலோ. மொத்தம் 15 கிலோவில் 8.75 கிலோ நீர், 58 விழுக்காடு ஈரம். 50 முதல் 60 வரை நமக்குத் தேவை. கார்பன், நைட்ரஜன் விகிதம், அதாவது ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்பது, ஈரக்கழிவில் 15, சருகில் 50 என்று கொண்டால், இந்தக் கலவையில் அது 29 அளவில் நிற்கும். 25க்கும் 30க்கும் இடைப்பட்டதுதான் நுண்ணுயிர்களுக்கு உகந்தது.

எடை போட வசதி இல்லையா? ஒரு வாளி கழிவுக்கு, அழுத்தாமல் அள்ளிய மூன்று வாளி சருகு. நொறுக்கிய சருகானால் இரண்டு வாளி. மரத்தூளை மட்டுமே நம்ப வேண்டாம். அதில் கார்பன் மிக அதிகம், துகளோ மிக நுண்மை. நனைந்ததும் களிபோல் ஒட்டி இடுக்குகளை அடைத்துவிடும். விரல் நீள மரச்சில்லுகள் கொஞ்சம் சேர்த்தால் குவியல் அமுங்காது. சலிக்கும்போது அவற்றைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம்.

தொட்டி

குழி தோண்டிக் கொட்டி மண் போட்டு மூடுவது பார்வைக்குத் துப்புரவாகத் தெரியும். ஆனால் அது சிறு அளவில் ஒரு குப்பைமேடுதான். தரைக்கு மேலே, நாற்புறமும் கம்பிவலை அடித்த, ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள தொட்டி போதும். அதைவிடச் சிறிதானால் சூடு தங்காது. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்தால் தன் பாரத்தாலேயே அடி நசுங்கும். அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் தடிமனுக்குக் குச்சிகளைப் பரப்புங்கள். மழை விழாதபடி மேலே கூரை வேண்டும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மூன்று தொட்டி இருந்தால் ஒன்று நிரம்பும்போது இன்னொன்று சூட்டில் இருக்கும், மற்றொன்று ஆறும்.

ஒவ்வொரு நாள் கழிவின் மேலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் பழைய மட்கு உரம் போர்த்துங்கள். இது ஈயை மட்டும் தடுப்பதில்லை. மீத்தேனைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் முதிர்ந்த உரத்தில் உண்டு. கீழிருந்து கசியும் வாயுவில் ஒரு பங்கை அவை பிடித்துக்கொள்ளும். போர்வை லேசான ஈரத்தோடு இருந்தால்தான் அவை வேலை செய்யும்.

வாளிச் சோதனை

உள்ளே காற்றுக்கு இடம் இருக்கிறதா என்று ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே பார்க்கலாம். விளிம்புவரை 20 லிட்டர் பிடிக்கும் வாளியில் மூன்றில் ஒரு பங்கு கலவையை நிரப்பி, 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை தரையில் தட்டுங்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆக்கி மறுபடி பத்து முறை. விளிம்புவரை நிரப்பி இன்னும் பத்து முறை. அமுங்கிய அளவுக்கு மேலே கலவை சேர்த்துவிட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். 10 முதல் 12 லிட்டர் இறங்கினால் காற்றிடம் 50 முதல் 60 விழுக்காடு இருக்கிறது, சரி. 8 லிட்டரிலேயே வழிந்தால் மரச்சில்லோ பெரிய சருகோ சேர்த்தாக வேண்டும். 14 லிட்டரைத் தாண்டினால் சூடு நிற்காமல் ஓடிவிடும்.

இந்தச் சோதனையை வலியுறுத்தக் காரணம் உண்டு. புரட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சூடான குவியலில், புரட்டும்போது நுழைந்த ஆக்சிஜனைச் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். அதன்பின் சூடான காற்று மேலே எழும்ப, பக்கங்களிலிருந்து புதுக்காற்று இடுக்குவழி உள்ளே இழுபட வேண்டும். இடுக்கு இல்லாத குவியலை நாள்தோறும் புரட்டினாலும் பெரும்பாலான நேரம் அது மூச்சுமுட்டியே கிடக்கும். நடுவில் செருகும் துளைக்குழாயும் தன்னைச் சுற்றியுள்ள சிறு பகுதிக்குத்தான் உதவும்.

சூடும் புரட்டலும்

நீண்ட கம்பி வெப்பமானியை நடுவில் செருகிப் பாருங்கள். 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் நல்லது. 65ஐத் தாண்டினாலும் 45க்குக் கீழே விழுந்தாலும் புரட்டுங்கள், ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போகும்படி. புரட்டும்போது ஒரு கை அள்ளிப் பிழியுங்கள்: ஓரிரு சொட்டு வந்தால் போதும், ஒழுகினால் ஈரம் மிகுதி, கை திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிகுந்துவிட்டது. சருகும் சிறிது மரத்தூளும் சேருங்கள். அந்த நிலையில் நைட்ரஸ் ஆக்சைடும் வெளிவரலாம், அதுவும் பூமியைச் சூடாக்குவதே. முட்டை வாடை வந்தாலோ அடியில் கருஞ்சாறு தேங்கினாலோ குவியலை முழுவதும் பிரித்து, உலர்பொருள் கலந்து, புதிதாக அடுக்குங்கள். மேலே மட்டும் சருகு தூவினால் வாடை மறையும், அடியில் ஒன்றும் மாறாது.

சூடு அடங்கியபின் ஒன்றிரண்டு மாதம் ஆற விடுங்கள். முதிராத உரத்தை மூட்டை கட்டினால் மூட்டைக்குள் மறுபடி காற்றில்லா அழுகல் தொடங்கும். ஈரமான ஒரு பிடி உரத்தைப் பைக்குள் மூன்று நாள் இறுக மூடி வையுங்கள். திறக்கும்போது மண்வாசம் வந்தால் தயார், புளிப்பு வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

சருகு கிடைக்காத இடத்தில்

அங்கே சாண எரிவாயுக் கலன் பொருத்தமானது. மீத்தேனை வேண்டுமென்றே உண்டாக்கி எரிக்கிறோம். ஒரு கிலோ எரிந்தால் 2.75 கிலோ கரியமில வாயு ஆகும், தீங்கு பல மடங்கு குறையும். ஆனால் கசிந்தால் எல்லாம் வீண். வாரம் ஒருமுறை இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வாயு மிஞ்சினால் திறந்துவிடாமல் அடுப்பில் எரியுங்கள். 1,000 லிட்டர் கலனுக்கு நாளுக்கு 5 கிலோ கழிவும் அதே அளவு தண்ணீரும் போதும். தொடங்கும்போது சாணக் கரைசல் ஊற்றி, வாயு வரத் தொடங்கியபின் ஒரு கிலோவிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். அளவு மீறினால் அமிலம் பெருகி, சுடர் பிடிக்காத வாயு வரும். அப்போது கழிவு போடுவதைச் சில நாள் நிறுத்துங்கள். வெளிவரும் கசடு திறந்த தொட்டியில் தேங்கினால் அங்கேயும் மீத்தேன் கிளம்பும். அன்றன்றே சருகுக் குவியலில் தெளித்துவிடுங்கள், அல்லது மூடி போட்ட, வாயுக்குழாயோடு இணைந்த தொட்டியில் சேருங்கள்.