புயல் ஓய்ந்த மறுநாள் வண்டி எடுக்கிறீர்களா?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே சென்னை வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். 2015 வெள்ளத்தில் பட்ட பாடு அப்படி. மழைக்கு முன் இவ்வளவு உஷாராக இருக்கும் நாம், வானம் வெளுத்ததும் "தெரிந்த ரோடுதானே" என்று சாவியை எடுத்துவிடுகிறோம். எனக்குப் பயமே அங்கேதான். நேற்று வரை தெரிந்த ரோடு, இன்று தண்ணீருக்கு அடியில் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"முன்னால் பஸ் போகிறதே" என்று பின்னாலேயே இறங்குவது அடுத்த தவறு. பஸ்ஸின் உயரம் வேறு, உங்கள் வண்டியின் உயரம் வேறு. அது கிளப்பும் அலையே உங்கள் இன்ஜினுக்குள் தண்ணீரை அடித்துவிடும். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறிய காரைத் தள்ளிவிடும்; இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சுரங்கப்பாதைகளில் இறங்கும்போது ஆழம் கண்ணுக்குத் தெரியாது. பாதி வந்தபிறகுதான் புரியும். கூகுள் மேப் காட்டுகிறதே என்று நம்பி இறங்காதீர்கள்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், தயவுசெய்து. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இன்ஜினுக்கென்று தனிக் காப்பீடு எடுத்திருக்காவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தப்பித்து வெளியே வந்தவர்களும் உடனே வேகம் எடுக்கக் கூடாது. நனைந்த பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி லேசாக நாலைந்து முறை அழுத்தி, அது காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது. கரண்ட் இல்லாத சந்திப்பில் எல்லோரும் தனக்குத்தான் பச்சை என்று நுழைவார்கள். முறை அதுவல்ல. வேகத்தைக் குறைத்து, பெரிய சாலையில் வருபவருக்கும் வலப்பக்கம் இருந்து வருபவருக்கும் வழி விட வேண்டும். மஞ்சள் மட்டும் விட்டு விட்டு எரிந்தால் மெதுவாக, பார்த்துப் போகலாம். சிவப்பு அப்படி எரிந்தால் முழுதாக நின்று, பார்த்த பிறகே நகர வேண்டும். காற்றில் சிக்னல் பெட்டி திரும்பிக்கொண்டு, பக்கத்துச் சாலைக்கான பச்சை நம் கண்ணில் படுவதும் உண்டு. விளக்கு எதைச் சொன்னாலும், போலீஸ்காரர் நின்றால் அவர் கைதான் சிக்னல்.

சாய்ந்த மரத்துக்கு அடியில் குனிந்து பைக்கை ஓட்டாதீர்கள். கிளைக்குள் மின்கம்பி சிக்கியிருக்கலாம். கம்பி கிடந்தால் விலகி நின்று, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

தண்ணீர் வடிவதற்காக மேன்ஹோல் மூடியைத் திறந்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு மரக்கிளையை நட்டுவைத்திருப்பார்கள். வண்டிக்கு இடைஞ்சல் என்று அதைப் பிடுங்கிப் போடாதீர்கள். அடையாளம் இல்லாத பள்ளத்தைப் பார்த்தால் நீங்களே ஒரு கிளையை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, சென்னை மாநகராட்சியின் 1913-க்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.