வெளியே இருந்து ஊதினால் பஞ்சு போகாது: லேப்டாப் சூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதட்டூர்பேட்டையில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். எங்கள் பக்கமும் சரி, ஆந்திர எல்லை தாண்டி நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கமும் சரி, விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "சாலா வேடி (ரொம்பச் சூடு) அண்ணா, ஹேங் ஆகுது." கடையில் வேலை பழகும் பையன்கள் இரண்டு பேரும் போன மாதம், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறைச் செய்தார்கள். மெத்தைமேல் வைக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ப்ளோயரை வெளியிலிருந்து அடிப்பது

காற்று போகும் வழியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேன் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. புராசஸரின் சூட்டை அந்தத் தகடுகளுக்குக் கொண்டு வருவது செம்புக் குழாய். குழாய்க்குள் இருக்கும் துளி நீர் புராசஸர் பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் குளிர்ந்து, மறுபடி திரும்பும்.

தகடுகளின் இடுக்கு மிகவும் குறுகல். தறிப் பஞ்சு அதில் நுழையாது. ஃபேனைப் பார்த்த உள்முகத்தில் படிந்து, நாளாக நாளாகக் கம்பளித் துண்டு போல ஆகிவிடும். வெளியே இருந்து டார்ச் அடித்தால் தகடுகள் பளபளவென்று தெரியும். ஏமாறுவது இங்கேதான்.

வெளித்துவாரத்தில் ப்ளோயரை வைத்து அடித்தால் அந்தப் பஞ்சு பெயர்ந்து ஃபேன் கூட்டுக்குள் விழும். வெளியே வராது. வழி திறந்ததால் சூடு உடனே இறங்கும். வாடிக்கையாளரும் நிம்மதியாக வாங்கிக்கொண்டு போவார். அப்புறம் ஃபேனே அந்தப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். சில நாளில் அதே சூடு. அடிப்பக்கத்திலிருந்து அடித்தாலோ பஞ்சு இன்னும் இறுகும். போதாததற்கு, பிடிக்காமல் விட்ட ஃபேன் ப்ளோயர் காற்றில் தாறுமாறாகச் சுற்றி, பேரிங் கெட்டு, கரகரக்கத் தொடங்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தறிக்காரருடைய மகளின் லேப்டாப்பை மூன்று முறை இப்படி ஊதிக் கொடுத்தேன். நான்காம் முறை வந்தபோது, "மதர்போர்டுதான் கோளாறு" என்று சொல்லிவிட்டேன். அவர் கடன் வாங்கி 9,000 ரூபாய் கட்டினார். புதுப் போர்டு வந்ததும் ஃபேனையும், செம்புக் குழாயும் தகடுகளும் சேர்ந்த ஹீட் சிங்கையும் கழற்றினேன். விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சுத் திரி முழுசாகக் கையோடு வந்தது. பழைய போர்டில் ஒரு குறையும் இல்லை. புதுசைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்லிவிட்டார். தறிக்காரர் பணத்தை நான் தவணையாகக் கொடுத்து முடித்தேன். இன்றைக்கும் ப்ளோயர் சத்தம் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

போன மாதம் பையன்களில் ஒருவன், "அண்ணா, டெம்பரேச்சர் இறங்கிடுச்சு பாருங்க" என்றான். உடனே திறக்கச் சொன்னேன். அடிமூடியைக் கழற்று, பேட்டரி இணைப்பை எடு, ஃபேனைத் தனியாக எடு, பஞ்சை இடுக்கியால் உரித்து எடு, மிச்சத்தை மெல்லிய பிரஷ்ஷால் தள்ளு. ப்ளோயர் அதற்கப்புறம்தான், அதுவும் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு.

பேட் கிழிந்த இடத்தில் பேஸ்ட் தடவுவது

பேட் என்பது சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்த வைக்கும் மெத்தென்ற பட்டை. அது இருப்பது இடைவெளியை நிரப்ப. புராசஸர்மேல் மெல்லிசாகத் தடவும் பேஸ்ட் அவ்வளவு தடிமனாக நிற்காது, அடியில் இருக்கும் சிப் சூடேறிக் கெடும். அதே தடிமன் பேட் வாங்குங்கள். தடித்ததைப் போட்டால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு புராசஸரில் சரியாக உட்காராது.

ஸ்க்ரூ வரிசை

1, 2, 3, 4 என்று ஹீட் சிங்கிலேயே பொறித்திருந்தால், அந்த வரிசையில் முடுக்குங்கள்.

100 டிகிரியைப் பார்த்துப் பதறுவது

இன்டெல் லேப்டாப் புராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் மெஷினை நிறுத்திவிடும். பெரிய வேலை ஓடும்போது கொஞ்ச நேரம் தொடுவது கோளாறு இல்லை. சும்மா இருக்கும்போதே அங்கே நின்றால்தான் திறந்து பார்க்க வேண்டும். இன்னொன்று, ஃபேன் தள்ளுவது அறைக்காற்றை. மே மாதம் திருத்தணிப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜனவரியில் எடுத்த அளவோடு மே மாத அளவை ஒப்பிடாதீர்கள்.

கூலிங் ஸ்டாண்டு

உள்ளே பஞ்சு இருக்கும்வரை வாங்காதீர்கள்.

தறிக்கூடத்தில் வைத்து வேலை செய்வது

வேறு இடம் இல்லாத வீடுகள் நிறைய. அவர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பஞ்சை எடுத்துவிட்டால் போதும்.