டச்சு ராணுவத் தலைக்கவச உறைகள்: முதல் உறையை வாங்கும் முன்

எஃகுத் தலைக்கவசம் சேர்ப்பவர் வீட்டில் ஐந்தாவது கவசம் வந்ததுமே சண்டை தொடங்கிவிடும். உறை சேர்ப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை; நாற்பது உறைகளை மடித்தாலும் ஒரே அலமாரித் தட்டில் அடங்கும். டச்சு உறைகளில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. நெதர்லாந்துப் படைகள் பல பத்தாண்டுகள் இரவல் உருமறைப்பு வடிவங்களையே அணிந்தன. துணியைப் பார்த்த மாத்திரத்தில் இது டச்சு என்று சொல்லிவிட முடியாது. அந்தத் துப்பறியும் வேலைதான் இதன் ருசி.

படி 1: வரிசையை மனத்தில் ஏற்றுங்கள்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் டச்சு மரைன் (கடற்படையின் தரைப்போர் வீரர்கள்) படைப்பிரிவு ஒன்று அமெரிக்காவின் வட கரோலினாவில், லெஜூன் முகாமில் பயிற்சி பெற்றது. 1946இல் கிழக்கு ஜாவாவில் இறங்கியபோது அவர்களிடம் இருந்தவை அமெரிக்கச் சீருடைகள். சேகரிப்பாளர்கள் 'தவளைத்தோல்' என்று அழைக்கும் புள்ளி வடிவமும் அவற்றில் அடக்கம்.

அடுத்தது எம்53. அமெரிக்க எம்1 கவசத்தைப் பார்த்துச் செய்த எஃகுக் கவசம் இது. இதன்மேல் வலையோ, சணல் சாக்குத்துணி உறையோ போட்டார்கள். நம் ஊர் வெங்காய மூட்டையை நினைவூட்டும் இந்த உறையைப் பலர் அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும்.

1990களில் எஃகுக்குப் பதில் இலகுவான கூட்டுப்பொருள் கவசம் வந்தது. தரைப்படை, டிபிஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டனின் உருமறைப்பு வடிவத்தைத் தழுவிக்கொண்டது. மரைன்கள் 'வுட்லேண்ட்' என்ற அமெரிக்கக் காட்டு உருமறைப்பு வடிவத்தை அணிந்தார்கள். 2006 முதல் 2010 வரை ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் இருந்த டச்சு வீரர்களின் பாலைவனத் துணியும் அமெரிக்க மூவண்ண வடிவத்தை ஒட்டியதே. சொந்தச் சரக்கு என்று சொல்லத்தக்கது என்எஃப்பி, அதாவது நெதர்லாந்து ஃபிராக்டல் வடிவம். டிஎன்ஓ என்ற ஆய்வு நிறுவனம் பாதுகாப்பு அமைச்சகத்துடன் சேர்ந்து உருவாக்கியது. பெரிய திட்டுக்குள் அதே சாயலில் சிறு திட்டுகள் இருக்கும். தொலைவிலிருந்தாலும் பக்கத்திலிருந்தாலும் கண் ஏமாற வேண்டும் என்பது கணக்கு.

படி 2: சீட்டைப் படியுங்கள்

வடிவம் பொய் சொல்லும் என்பதால், உள்ளே தைத்திருக்கும் சீட்டைத்தான் நம்ப வேண்டும். அதில் 13 இலக்க நேட்டோ இருப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகையைக் குறிக்கும். சிறப்புப் பயன்பாட்டு உடைகளுக்கு 8415. அடுத்த இரண்டு இலக்கங்கள் நாட்டைச் சொல்லும்: நெதர்லாந்துக்கு 17, பிரிட்டனுக்கு 99, ஜெர்மனிக்கு 12, அமெரிக்காவுக்கு 00 அல்லது 01.

இதை அறியாத காலத்தில் 'அரிய டச்சு டிபிஎம்' என்று ஒருவர் சொன்னதை நம்பி நல்ல விலை கொடுத்தேன். வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பினால் 99! பிரிட்டிஷ் உறை, எங்கும் மலிவாகக் கிடைப்பது.

ஒரு நுணுக்கம்: அந்த இரண்டு இலக்கங்கள் பொருளைப் பதிவு செய்த நாட்டையே காட்டும், தைத்த நாட்டை அல்ல. ஆகவே வேற்று நாட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். டச்சுச் சொற்களும் கைகொடுக்கும்: 'ஹெல்ம்ஓவர்ட்ரெக்' என்றால் தலைக்கவச உறை, 'மாட்' என்றால் அளவு. 'கேஎல்' என்ற எழுத்துகள் அரச தரைப்படையைக் குறிப்பவை.

படி 3: கவசத்தில் மாட்டிப் பாருங்கள்

எம்53 உறை கூட்டுப்பொருள் கவசத்தில் ஏறாது. புதிய கவசம் காதுப்பக்கம் கீழே இறங்கியிருக்கும். உறையும் அதற்கேற்ற வெட்டில் இருக்கும். விற்பவர் 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்றால் நகர்ந்துவிடுங்கள்.

படி 4: எங்கே தேடுவது

நெதர்லாந்தில் ராணுவக் கழிவுப் பொருள் கடையை 'லெகர்டம்ப்' என்பார்கள். பழைய பொருள்களுக்கு மார்க்ட்பிளாட்ஸ் என்ற இணையச் சந்தை உண்டு. ஏப்ரல் 27, மன்னர் தினத்தன்று தெருவெங்கும் மக்கள் வீட்டுப் பொருள்களைப் பரப்பி விற்பார்கள். தாத்தாவின் பெட்டியிலிருந்து எது வெளிவரும் என்று சொல்ல முடியாது. இன்றும் பயன்பாட்டில் உள்ள என்எஃப்பி உறை கிடைத்தால் மட்டும், அது எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜாவா காலத்து உறை என்று யாராவது நீட்டினால் புற ஊதா விளக்கை அடியுங்கள். தையல் நூல் நீலமாக ஒளிர்ந்தால் பிற்காலத் தயாரிப்பாக இருக்கலாம். ஆனால் இன்றைய சலவைத்தூளில் துவைத்த அசல் துணியும் ஒளிரும். எனவே இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

படி 5: பராமரிப்பு

சலவைத்தூள் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள வெண்மையூட்டும் வேதிப்பொருள் நிறத்தின் தன்மையையே மாற்றிவிடும். குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சாக்குத்துணி உறையை நனைக்கவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஈரம் பட்ட சணல் சுருங்கி, பிறகு கவசத்தில் ஏறாமல் அடம்பிடிக்கும்.

உள்பக்கம் பேனாவால் எழுதிய பெயரோ எண்ணோ இருந்தால் அதைத் தேய்த்து அழிக்க முயலாதீர்கள். நான் அப்படி ஒன்றை அழித்த அன்று, உறை சுத்தமானது. யாருடையது என்பது போய்விட்டது.